களப்பணி: கேள்வியும் பதிலும்

கேள்வி: நான் மானுடவியல் முதுகலை மாணவி. ஒரு மாதக் களப்பணிக்காக ஒரு மலைக்கிராமத்துக்குச் செல்லவிருக்கிறேன். அறுபது கேள்விகள் கொண்ட வினாநிரலை என் பேராசிரியரிடம் காட்டியபோது, "முதல் பத்து நாள் இதைப் பையைவிட்டு வெளியே எடுக்காதே" என்றார். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, சேலம்)

பதில்: கேட்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்பது அங்கே போய்ச் சில நாள் இருந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும் என்கிறார். இதற்கு நீலகிரியிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1901-02இல் தோடர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டு எழுதினார். 'உங்கள் தந்தை யார்?' என்பதைவிட எளிய கேள்வி இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் அன்று தோடர்களிடம் இருந்தது. அவள் கருவுற்ற ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கை யார் செய்கிறாரோ அவரே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை. வேறொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை, அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை. 'தந்தை பெயர்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்புகிறவருக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். தந்தை என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பது கிடைத்திருக்காது.

ரிவர்ஸ் அன்று மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடுதான் பணியாற்றினார். பிற்பாடு, 1913இல், நானூறு ஐந்நூறு பேர் வாழும் ஒரு சமூகத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் தங்கி ஆராய வேண்டும் என்று அவரே வலியுறுத்தினார். அதைச் செய்து காட்டியவர் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி. 1915க்கும் 1918க்கும் இடையில், நியூ கினியை அடுத்துள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் இருமுறை நெடுநாள் தங்கி, ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்து, அத்தீவினரின் மொழியைக் கற்றுக்கொண்டு ஆய்வை நடத்தினார்.

உங்களுக்கு இருப்பது ஒரே மாதம். ஆகவே ஊர் முழுவதையும் ஆராய நினைக்காமல் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாளில் வீடுகள், பாதைகள், தண்ணீர் எடுக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் வம்சாவளி கேளுங்கள். பதினோராம் நாள் வினாநிரலை எடுத்துப் பார்க்கும்போது, பாதிக் கேள்விகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கேள்வி: களக்குறிப்பு எழுதுவது எப்படி? எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால் போதாதா? (ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: போதாது. கைப்பேசி பேச்சைப் பிடிக்கும்; பேசியவர் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது ஏன் என்பதைப் பிடிக்காது. பகலில் இரண்டொரு சொற்களைக் குறித்துக்கொண்டு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். ஓர் இரவு தூங்கி எழுந்தால், கண்ட காட்சி போய் அதைப் பற்றிய நம் கருத்துதான் மிஞ்சுகிறது.

என் முதல் களப்பணியில் ஒரு நாள் மாலை, "தலைவருக்கு ஊரார் மரியாதை கொடுத்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன். அதைப் படித்த என் வழிகாட்டி, நீ கண்ணால் கண்டது என்ன என்று கேட்டார். நினைவுகூர்ந்து மறுபடி எழுதினேன்: "அவர் வந்ததும் திண்ணையில் இருந்த மூவர் எழுந்தார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான்காமவர் எழவில்லை, பீடியை மட்டும் அணைத்தார்." அந்த நான்காமவர் ஏன் எழவில்லை என்று தேடிப் போனதில்தான் அவ்வூரின் பழைய நிலத் தகராறு எனக்குத் தெரியவந்தது. முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் அவர் என் குறிப்பிலேயே இருந்திருக்க மாட்டார். கண்டது, பிறர் சொன்னது, நான் நினைப்பது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுங்கள்.

எழுதியதைப் பாதுகாப்பதும் களப்பணிதான். மைசூர் அருகே ராம்புராவில் 1948இல் ஆய்வு செய்த எம். என். சீனிவாஸ், பல ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்த குறிப்புகளின் மூன்று பிரதிகளையும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஒரே அறையில் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அங்கே வைக்கப்பட்ட தீயில் அவை எரிந்தன. பெரிதும் நினைவிலிருந்தே அவர் அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. மூன்று பிரதி எடுத்தால், மூன்று இடத்தில் வையுங்கள்.

கேள்வி: களத்தில் தங்கும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மிகவும் வேண்டும். உங்கள் மாவட்டத்துச் சான்றையே சொல்கிறேன். 1961-62இல் தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெதெய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் ஊரார் அவரை அந்தத் தெருவின் ஆளாகவே பார்த்தார்கள். மற்றத் தெருக்களில், குறிப்பாகச் சேரியில், அவரால் அதே அளவுக்குப் பழக முடியவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். எந்தத் தெருவில் தங்கினாலும் வேறொரு தெரு நமக்குத் தூரமாகத்தான் போகும். எது தூரமாயிற்று என்பதை ஆய்வேட்டில் எழுதுவது ஆய்வாளரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டால் போதுமா? (வாசகி, கோவை)

பதில்: பெதெய் தம் நூலில் அந்த ஊரை ஸ்ரீபுரம் என்ற புனைபெயரால்தான் குறிப்பிட்டார். அது முதல் படி. ஆனால் ஓர் ஊரில் ஒரே ஒரு பெண் ஊராட்சித் தலைவர்தான் இருந்திருக்கிறார் என்றால், பெயரை மாற்றினாலும் அவ்வூரார் படித்தவுடன் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அத்தகைய பகுதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.