கடப்பா கல் அலமாரியை நாமே வார்ட்ரோப் ஆக்கலாமா?

கேள்வி: மதுரை திருநகரில் சொந்த வீடு. படுக்கையறைச் சுவருக்குள் 5 அடி அகலம், 7 அடி உயரம், ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பா கல் அலமாரி இருக்கிறது. கற்களை எடுத்துவிட்டு, துணி தொங்கவிடும் வார்ட்ரோபாக நானே மாற்ற நினைக்கிறேன். டிரில்லிங் மெஷின் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வருவதற்குள் முடியுமா?

பதில்: கதவு இல்லாமல் என்றால் தாராளமாக முடியும். ஆனால் பிளைவுட் கடைக்குப் போகும் முன் அந்தக் குளியலறைச் சுவரைப் பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை அலமாரியின் பின்சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. முதலில் குளியலறை டைல்ஸ் இடுக்கையும் குழாயையும் சரிசெய்ய வேண்டும். ஈரச் சுவரைத் தேடிக் கரையான் வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையும் அங்கே பாழ்தான்.

கடப்பா கல்லைச் சுத்தியலால் தட்டாதீர்கள். சுவருக்குள் புதைத்திருப்பார்கள், பூச்சோடு பெயர்ந்து வரும். இந்த ஒரு வேலைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு, கட்டிங் மெஷினில் சுவரை ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள். லாப்டைத் தாங்கும் கல் இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஆழம். சட்டை மாட்டிய ஹேங்கருக்கு இரண்டடி வேண்டும். ஒன்றரை அடிக்குள் அடக்கினால் சட்டைத் தோள் கதவில் இடிக்கும். அதனால் சுவருக்குள் வைக்கும் பிளைவுட் பெட்டியை இரண்டடி ஆழத்தில் செய்து, அரையடி வெளியே நீட்டிக்கொள்ள விடுங்கள்.

5 அடிக்கு ஒரே பெட்டி செய்யாதீர்கள். 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்றே முப்பது கிலோவுக்குக் குறையாது. மொத்தமாகக் கோத்தபின் வீட்டு ஆட்களால் தூக்க முடியாது. இரண்டரை அடியில் இரண்டு பெட்டிகள் செய்து, உள்ளே தள்ளியபின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். தட்டுகளும் இரண்டரை அடிக்கு மேல் போகாததால் பட்டுப்புடவை அடுக்கினாலும் தொய்யாது. (சுங்குடிக்கு இந்தக் கவலையே இல்லை!)

இரண்டு பெட்டிக்கும் 8-க்கு 4 அடி அளவில் 18 மி.மீ. ஷீட் நாலு போதும். எட்டுத் தட்டுகள் வரை கிடைக்கும். முதுகுக்கு 6 மி.மீ. ஷீட் இரண்டு. குளியலறை ஒட்டிய சுவர் என்பதால் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டாகவே கேளுங்கள், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம். அறுக்கிற வேலையைக் கடை மெஷினிலேயே முடித்துவிடுங்கள். வாள் தின்னும் 3, 4 மி.மீ.யைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சுவர் நேராக இருக்கும் என்று நம்பாமல் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அகலம் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து இன்னும் அரை அங்குலம் குறையுங்கள். இடைவெளியைப் பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டை) மூடிவிடும். வீடு துடைக்கும் தண்ணீர் படாமலிருக்க, பெட்டிக்கு அடியில் 4 அங்குல உயரத்தில் தனிச் சட்டம் வையுங்கள். பெட்டி உயரத்தில் அதைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். ஸ்க்ரூ போடும் முன் சின்ன பிட்டால் துளை போட்டால் ஓரம் பிளக்காது. சுவரைப் பார்க்கும் பக்கத்துக்கும் அறுத்த ஓரங்களுக்கும் இரண்டு கை பிரைமர்.

கதவை ஆசாரியிடம் விடுங்கள். மறைகீலுக்கு (வெளியே தெரியாத கதவுக் கீல்) 35 மி.மீ. குழி எடுப்பதில் கொஞ்சம் பிசகினாலும் கதவுகள் ஒன்றோடொன்று உரசும். திருவிழா வரைக்கும் ஒரு திரைச்சீலை போதும்.