காய்ச்சலோடு காட்சிமுனையில்: எதை விடலாம், எதை விட வேண்டியதில்லை?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “குடும்பத்தோடு 10 நாள் கார்ப் பயணம் போயிருந்தோம். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டினோம். மூன்றாம் நாள் தொண்டை வலியோடு காய்ச்சல் தொடங்கி 101 டிகிரி வரை போயிற்று. ‘நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காரில் படுத்திருக்கிறேன்’ என்று சொல்லி அன்று முழுக்க வண்டியிலேயே கிடந்தேன். மறுநாள் மனது கேட்காமல் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புவரை நடந்தேன். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடியே கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறோம். வழியில் அருவி, பள்ளத்தாக்கு, உயரமான மலைக்கணவாய் எல்லாம் உண்டு. இப்படி ஆனால் பயணத்தை நிறுத்திவிட வேண்டுமா? அல்லது பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வர வழி உண்டா?”

வழி உண்டு. சாதாரண சளிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் நீங்கள் விட வேண்டியவை இரண்டுதான்: நடையும் ஸ்டீயரிங்கும். காட்சியை விட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு சம்பவங்களும், ஒரு மருத்துவனாக, என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தக் கண் இருண்ட கணம். காய்ச்சலில் உடல் வழக்கத்தைவிட அதிகமாக நீரை இழக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கூடுகிறது. தொண்டை வலியால் தண்ணீர் குடிப்பதும் குறைந்திருக்கும். இந்த நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வருகிறீர்கள். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கி ஓடுகிறார்கள், நீங்களும் எழுந்து நடக்கிறீர்கள். கால்களில் தேங்கிய இரத்தம் மேலே திரும்புவதற்குள் இரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடிகள் குறைகிறது. வீட்டுக் கூடத்தில் இது நடந்தால் நாற்காலியில் சாய்ந்துகொள்வோம். உங்களுக்கு நடந்தது பள்ளத்தாக்கின் விளிம்பில். கம்பி இல்லாத இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே உடல்நிலை சரியில்லாத நாளில் வண்டியிலிருந்து இறங்குவதையே ஒரு தனி வேலையாகச் செய்யுங்கள். கதவைத் திறந்து, கால்களை வெளியே வைத்து, இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். கணுக்கால்களை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை அசையுங்கள். ஒரு தம்ளர் அளவு தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கதவைப் பிடித்து எழுந்து, அங்கேயே அரை நிமிடம் நில்லுங்கள். தலை லேசாகச் சுற்றினாலும் அந்தக் காட்சிமுனை உங்களுக்கு இல்லை, திரும்ப உட்கார்ந்துவிடுங்கள். சுற்றவில்லை என்றால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், கம்பி உள்ள இடத்துக்கு மட்டும். அருவிக்கரையின் ஈரப் பாறை, புகைப்படத்துக்காகப் பின்னால் நகர்ந்து நிற்பது, இரண்டும் அன்றைக்கு வேண்டாம்.

அடுத்தது, “நான் காரில் படுத்திருக்கிறேன்” என்ற அந்த வார்த்தை. கூட வந்தவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் நோயாளியைத் தனியாக விட்டுப் போகக் கூடாத இடங்களில் ஒன்று, நிறுத்திவைத்த கார். வெளியே 27 டிகிரி செல்சியஸ் என்ற இதமான வெயில் இருக்கும்போதே, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 37 டிகிரியும் அரை மணியில் 45 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கிவிடுவதால் பெரிய மாற்றம் வராது. காய்ச்சல் மாத்திரை போட்டு அயர்ந்து தூங்குபவருக்கு வெப்பம் ஏறுவதே தெரியாது. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும். வெயில் ஏற்றிய சூட்டை அது குறைக்காது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம்.

சரி, இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். திறந்த வெளியில், விழித்திருக்கும் இன்னொருவர் கூட இருந்தால், சற்று நேரத்துக்குப் பரவாயில்லை. பனி விழும் மலைப்பகுதியில் சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் கசியும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று அது தரும் தொந்தரவுகள் அப்படியே ஃப்ளூ போலத் தோன்றும். ஒரு அடையாளத்தை மனதில் வையுங்கள்: வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைகிறது என்றால் அது காய்ச்சல் தலைவலி அல்ல. உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். மருத்துவ உதவியும் தேட வேண்டும். ஓய்வு தேவைப்படும் நாளில் விடுதி அறையிலேயே படுங்கள். முடியாவிட்டால் வண்டியை நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

இனி எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான இயற்கை அதிசயங்களுக்குச் சாலையே ஒரு காட்சிமுனைதான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு விளிம்பில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் சாலையில் சொந்த வண்டியிலேயே போகலாம். இடையிடையே வண்டியை நிறுத்தி, சில அடிகள் நடந்தாலே பள்ளத்தாக்கு கண்முன் விரியும். அதே நாட்டின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று சராசரியாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிட்டெழுகிறது. அடுத்து எப்போது என்று முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறார்கள். சுற்றிலும் பெஞ்சுகள் உண்டு. நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தால் போதும். நயாகராவைச் சாலையோரத்துச் சமதள நடைபாதையிலிருந்தே பார்த்துவிடலாம். கிளம்புவதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும், ‘நடக்கவே முடியாவிட்டால் எங்கிருந்து பார்ப்பது?’ என்று தேடி எழுதி வையுங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கான வழிகாட்டுதலைப் படித்தால் இந்தத் தகவல் கிடைத்துவிடும். நோயாளிக்கும் அதே பாதைதான் நல்லது.

நேரமும் உங்களுக்குச் சாதகமானதுதான். பாறையின் நிறமும் மடிப்பும் தெளிவது காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெளிச்சத்தில். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறித் தட்டையாகிவிடும். வெப்பமும் கூட்டமும் உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், நடுவில் அறையில் தூக்கம் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க அலைந்தவர்களைவிட நல்ல காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிலக்காட்சிப் புகைப்படக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் நேரங்களும் இவைதான்.

ஒரே ஒரு ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்: பள்ளத்தாக்குக்குள் இறங்குவது. மலை ஏறுபவருக்கு மூச்சு வாங்கும்போதே திரும்பும் வாய்ப்பு உண்டு. பள்ளத்தில் இறங்குபவருக்குக் கடினமான பாதி கடைசியில்தான் வருகிறது. கிராண்ட் கேன்யனில் விளிம்பைவிட ஆற்றங்கரையில் வெப்பம் மிக அதிகம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களையே ஒரே நாளில் ஆறுவரை இறங்கி ஏற வேண்டாம் என்று அங்குள்ள அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். காய்ச்சலோடு கடும் உழைப்பு வேறொரு காரணத்துக்காகவும் ஆகாது: வைரஸ் தொற்று சில நேரம் இதயத் தசையையும் பாதிக்கும், அப்போது உடலை வருத்தினால் நிலைமை மோசமாகும். மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு சமதளத்தில் நடந்து பாருங்கள். ஏற்றம் அதற்கும் பிறகுதான்.

உங்கள் வழியில் உயரமான கணவாய் இருப்பதாகச் சொன்னீர்கள். ஏறத்தாழ 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காரில் போகும்போது சில மணி நேரத்திலேயே அந்த உயரத்தை எட்டிவிடுகிறோம். உடல் பழகிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி என்று உயர நோயும் ஃப்ளூ போலவே தொடங்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தொண்டை வலி, மூக்கொழுகல், காய்ச்சல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், உயரத்துக்கு வந்த அரை நாளுக்குள் தலைவலி தொடங்கினால் அதை உயர நோய் என்றே வைத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். சளிக் காய்ச்சல் இருக்கும்போது கணவாயைக் கடந்து போவதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வராது. உச்சியிலேயே இரவு தங்குவதைத் தவிர்த்து, கீழுள்ள ஊரில் தங்குங்கள். மூக்கடைப்போடு இறங்கும்போது காது வலிக்கலாம். எச்சில் விழுங்கிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் வாருங்கள். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மேலே போவதற்கு முன்பே தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்டீயரிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். காய்ச்சலே கவனத்தையும் கைவேகத்தையும் மந்தமாக்கும். போதாததற்கு, சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் போன்றவை தூக்கத்தைத் தருபவை. தூக்கம் வருவதுபோலத் தோன்றாதபோதும் கவனம் தளர்ந்திருக்கும். நீங்களும் கணவரும் மாறி மாறி ஓட்டுபவர்கள் என்பதால், ஒருவர் படுத்தால் மற்றவர் மேல் முழுச் சுமையும் விழும். அன்றைய தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சோர்ந்துபோன ஒற்றை ஓட்டுநரை நம்பி நான்கு பேர் கொண்டை ஊசி வளைவில் போகக் கூடாது.

மருந்துகளைப் பற்றி இன்னொன்று. பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் அளவு தெரியாமலே இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சர்க்கரை நோயாளிகள் உடல்நிலை சரியில்லாத நாளில் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரத்தச் சர்க்கரை அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுப் போகவும் கூடாது.

வயிறு கெட்டால் கணக்கு மாறும். அன்று மணிக்கணக்கில் சாலையில் போவதே சித்திரவதை. ஒரு நாள் நின்றுவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து கையோடு இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்துகொள்ளுங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதீர்கள். வளைவுகளில் வரும் குமட்டல் மட்டும் என்றால் முன் இருக்கைக்கு மாறி, கைபேசியை மூடிவைத்து, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். வெந்நீர் ஊற்றுகளின் கந்தக நெடி குமட்டலைக் கிளறிவிடும்; ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

காட்சியையும் விட்டுவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, குழப்பம், 103 டிகிரியில் இறங்காமல் நிற்கும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, நீண்ட நேரம் உட்கார்ந்தபின் ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும்: இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். இயற்கை அதிசயங்கள் இருக்குமிடத்தில் பெரும்பாலும் கைபேசி சிக்னல் இருக்காது. ஆகவே அன்றன்று காலையில் கிளம்புமுன், அறையில் இணையம் இருக்கும்போதே, வழியில் உள்ள மருத்துவமனைகளின் பெயரையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதி வண்டியில் வையுங்கள். அதே நேரத்தில் தெர்மாமீட்டரையும் பாருங்கள். இன்று யார் நடப்பது, யார் ஓட்டுவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். விளிம்பில் போய் நின்றபிறகு ஆசைதான் முடிவெடுக்கும்.

சளிக் காய்ச்சல் பிறருக்கும் தொற்றும் என்பதால் நெரிசலான பார்வையாளர் மையத்திலும் சுற்றுலாப் பேருந்திலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொண்டே போங்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 10 நாளில் ஒரு நாளை எதுவும் குறிக்காமல் விடுங்கள். அது கடைசி நாளாக இல்லாமல், நாலாவது அல்லது ஐந்தாவது நாளாக இருக்கட்டும். அந்த இரவுகளுக்கான அறையை, பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் பதிவு செய்யுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால், மிகவும் பிடித்த இடத்துக்கு இன்னொரு காலை கிடைக்கும். காய்ச்சல் வந்தால் நீங்கள் காருக்குள் கிடக்காமல் கட்டிலில் படுத்து எழுந்து, மாலையில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விளிம்புக்குப் போகலாம்.