கேமராவுல காட்டிட்டு கையெழுத்துப் போடாதீங்க தம்பி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துலேர்ந்து தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணே, அடுத்த மாசம் சவுதி தம்மாம் போறேன். குடோன் வேலை. அரபியில ஒரு எழுத்துகூடத் தெரியாது. போன்ல மொழிபெயர்ப்பு ஆப் இருந்தா சமாளிச்சிடலாமா? எந்த ஆப் நல்லது? ரூம், சாப்பாடு, வெயில் எல்லாம் எப்படி?"

வெயிலும் புழுக்கமும் நம்ம கடற்கரையில வளர்ந்தவங்களுக்குப் புதுசு இல்ல. மீன் கிடைக்கும், அரிசி கிடைக்கும். ரூம் கம்பெனி தருதான்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கங்க. எந்த ஆப்னு பெருசா யோசிக்க வேண்டாம், கூகுள் டிரான்ஸ்லேட் போதும். ஊர்லயே வைஃபையில அரபி, இங்கிலீஷ், தமிழ் மூணையும் ஆஃப்லைனுக்கு இறக்கி வச்சுக்கங்க. இறங்கின அன்னைக்கு சிம் இருக்காது.

சமாளிச்சிடலாமான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவு எழுதுறேன்.

நான் கீழக்கரை. 2001ல தம்மாம் வந்தேன். ஓதுற பள்ளியில படிச்சதால அரபி எழுத்து எனக்கு வாசிக்க வரும். அந்தத் தைரியத்துலதான் விமானம் ஏறினேன். குர்ஆன்ல எழுத்துக்கு மேலயும் கீழயும் உயிர் ஒலியைக் காட்டுற குறி போட்டிருக்கும். கடைப் பலகையிலயும் ஆபீஸ் காகிதத்துலயும் அந்தக் குறி கிடையாது. மூணு எழுத்து நிக்கும். அதை 'எழுதினான்'னும் வாசிக்கலாம், 'புத்தகங்கள்'னும் வாசிக்கலாம். வாய் வாசிக்கும், அர்த்தம் வராது. முதல் வாரம் கம்பெனியில நாலு காகிதம் நீட்டினாங்க. நாலுலயும் கையெழுத்துப் போட்டேன். அதுல ரெண்டு என்ன காகிதம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்ப போன்ல இதெல்லாம் ஏது. கூகுள் தமிழைச் சேர்த்ததே 2011ல. கேமராவைக் காட்டினா எழுத்து மாறுற வசதி 2015ல அதுக்குள்ள வந்துச்சு. அரபி அதுல சேர 2019 ஆச்சு. உங்களுக்கு அது போய் இறங்குற அன்னைக்கே கையில இருக்கு. நல்ல விஷயம்தான், நான் அதைக் குறை சொல்ல வரல. பால் டப்பா, மருந்துச் சீட்டு, பஸ் பலகை எல்லாத்துக்கும் நானும் தினமும் காட்டுறேன். காகிதத்துல கையெழுத்துப் போடுறதுக்கு மட்டும் அதை நம்பாதீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியபட்டினத்துப் பையன் ஒருத்தன் ரூமுக்கு வந்தான். இரும்புக் கட்டில் விளிம்புல காகிதத்தை விரிச்சு, மேல போனைப் பிடிச்சான். அரபி வரிக்கு மேல தமிழ் எழுத்து வந்து ஒட்டி நடுங்குச்சு: 'மாதம் 200 ரியால் தள்ளுபடி.' "காக்கா (எங்க பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவாங்க), தள்ளுபடின்னா நமக்கு விட்டுத் தர்றாங்கன்னுதானே? நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்"னான். நான் எழுத்துக் கூட்டி வாசிச்சேன். 'கஸ்ம்'னு இருந்துச்சு. கடைவீதியில பாதி விலை, கால் விலைன்னு தொங்குற பலகையில எல்லாம் அந்தச் சொல்தான். சம்பளக் காகிதத்துல அதே சொல் வந்தா பிடித்தம். இகாமா, அதாவது அங்க தங்குறதுக்கான அனுமதி அட்டை, அதோட செலவுன்னு சொல்லி மாசம் 200 ரியால் அவன் சம்பளத்துல பிடிக்கிறதுக்கு அவனே சம்மதிச்சிருக்கான்.

நம்ம மொழியிலயும் அப்படித்தானே. 'பிடித்தம்'னா ஆசைன்னும் அர்த்தம், சம்பளத்துல வெட்டுறதுன்னும் அர்த்தம். நமக்கு இடம் பார்த்துப் புரியும். போன் ஏதோ ஒண்ணை எடுத்துக் குடுத்துடும், சந்தேகமா இருக்குன்னு சொல்லாது.

அவனைக் கூட்டிக்கிட்டு அந்தக் கம்பெனி கணக்காளர்கிட்டப் போனேன். இகாமா, வேலை அனுமதி, அதைப் புதுப்பிக்கிற கட்டணம் எல்லாம் முதலாளி செலவுன்னு சவுதி தொழிலாளர் சட்டம் 40ஆம் பிரிவுல இருக்குன்னு சொன்னேன். மூணாவது மாசத்துலேர்ந்து பிடிக்கிறதை நிறுத்தினாங்க. ஏற்கெனவே பிடிச்ச 400 ரியால் திரும்ப வரவே இல்ல. அதே சட்டத்துல 9ஆம் பிரிவையும் மனசுல வைங்க: ஒப்பந்தம் ரெண்டு மொழியில இருந்தா அரபி வாசகம்தான் செல்லும். இங்கிலீஷ் பக்கத்துல அழகா எழுதியிருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

சில சொல்லைக் காதுல போட்டுக்கிட்டு வாங்க. 'முகாலஸா'ன்னா பாக்கி எல்லாம் வாங்கிட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கிறது. காசு கைக்கு வராம அதைத் தொடாதீங்க. 'தனாஸுல்'னா உரிமையை விட்டுக் குடுக்கிறது. 'இஸ்திகாலா' ராஜினாமா. 'சனத் லி அம்ர்' கடன் பத்திரம் மாதிரி, அது நேரா கோர்ட்டுல நிறைவேத்துற அளவுக்குப் பலமுள்ள காகிதம். இந்த நாலுல எது கண்ணுல பட்டாலும் பேனாவை மூடிட்டு, "நாளைக்குத் தர்றேன்"னு காகிதத்தைப் படம் எடுத்துக்கிட்டு வெளிய வந்துடுங்க. இப்ப ஒப்பந்தம் கீவாங்கிற சவுதி அரசாங்க இணையதளத்துல பதிவாகுது. உங்க பேர்லயே உள்ள போய் இங்கிலீஷ்ல பார்க்கலாம். அதுக்கு வர்ற ஓடிபி நம்பரை சூப்பர்வைசர் கேட்டாலும் சொல்லாதீங்க.

எண்களை ஊர்லயே படிச்சுட்டு வாங்க. ஒரு சாயங்காலம் போதும். அரபி அஞ்சு நம்ம சைபர் மாதிரி வட்டம். அவங்க சைபர் வெறும் புள்ளி. 1500ன்னா ஒரு கோடு, ஒரு வட்டம், ரெண்டு புள்ளி. ஆறு நம்ம 7 மாதிரி இருக்கும். ஏழு மேல விரிஞ்ச கவட்டை, அதைக் கவுத்தா எட்டு. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான். காகிதத்துல முத்திரை மசி விழுந்தா கேமராவுக்கு அந்தப் புள்ளி தெரியாது. உங்க கண்ணுக்குத் தெரியணும்.

பேசுறதுக்கு ஆப்பை நீட்டுறதையும் சீக்கிரம் விட்டுடுங்க. அது குடுக்கிறது ஏட்டு அரபி. 'என்ன வேணும்'னு கேட்க 'மாதா துரீத்'னு சொல்லித் தரும். தம்மாம்ல 'வெஷ் தபி'ம்பாங்க. 'இப்ப'ங்கிறதுக்கு 'அல் ஆன்'னு காட்டும், ஊரே 'அல்ஹீன்'னு பேசும். வேற வழியே இல்லாம தமிழ்ல அடிக்கிறதா இருந்தா 'சம்பளம் வரல'ன்னு அடிக்காம 'எனக்குச் சம்பளம் வரவில்லை'ன்னு முழுசா அடிங்க. வந்த அரபியைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்துட்டு அப்புறம் காட்டுங்க.

மலையாளிகளைப் பாருங்க, ஆறு மாசத்துல கடை வாசல்ல நின்னு பேரம் பேசுவாங்க. நம்ம ஆளுங்க இருபது வருஷம் இருந்தும் 'மாஃபி மாலூம்' (தெரியாது)ல நிக்கிறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தம். இன்னும் வருத்தம், நல்லா அரபி தெரிஞ்ச நம்ம ஊர்க்காரங்களே சிலர் ஒரு கடிதம் வாசிச்சுச் சொல்ல ஐம்பது ரியால் கேட்கிறது. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு ரியால் வாங்கினது இல்ல. கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன், ஒரு சூடானி டிரைவர்கிட்டயும் ரொட்டிக் கடைக்காரர்கிட்டயும்.

இதை லீவுல கீழக்கரை வீட்டுலேர்ந்து எழுதுறேன். போன வாரம் பரண்ல ஒரு தகரப் பெட்டி கிடைச்சுது. உம்மம்மா, அதாவது என் அம்மாவோட அம்மா, கொழும்புல வியாபாரத்துல இருந்த என் தாத்தாவுக்கு எழுதி அனுப்பாம விட்ட கடிதம் ஒண்ணு அதுல இருந்துச்சு. அரபுத்தமிழ்ல எழுதினது. எழுத்து அரபி, பேச்சு தமிழ், தமிழுக்குன்னு புள்ளி கூட்டின சில எழுத்தும் இருக்கும். அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பொம்பளைங்க நிறையப் பேர் இப்படித்தான் எழுதுவாங்க. என் மகள் போனை எடுத்து அது மேல காட்டினா. போன் அரபின்னு எடுத்துக்கிட்டு, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத சொல்லா இறைச்சுது. அவ காகிதத்தை என்கிட்டக் குடுத்தா. நான் விரல் வச்சு, வலப்பக்கத்துலேர்ந்து எழுத்துக் கூட்டி வாசிச்சேன்: "மழை இல்லை. கிணறு உப்பாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய ரூபாய் வந்தது. வாசல் கதவு இன்னும் மாற்றவில்லை, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்."