வரும் வருசங்களில் வீட்டு விலை குறையுமா, காத்திருக்கலாமா?

திருநெல்வேலிப் பக்கம் வாங்குவதாக இருந்தால், குறையாது என்பதுதான் என் பதில். விற்பனை நிற்கும், விலை இறங்காது. வாடகை கொடுத்துக்கொண்டு "இன்னும் ரெண்டு வருசம் பாப்போமே" என்று இருக்கிறவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். மறு வருசம், பத்திரப் பதிவுக்குத் தான் வைத்திருக்கும் நில விலையை, அதாவது வழிகாட்டி மதிப்பை, அரசே 33 சதவீதம் குறைத்தது. இனி எல்லாம் சரிந்துவிடும் என்று ஊரே பேசிய அந்த நேரத்தில்தான் பெருமாள்புரத்தில் ஒரு பழைய வீடு பார்த்தோம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். அடுக்களைக்கு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. என் வீட்டுக்காரர் தன்மையாகத்தான் கேட்டார்: "அண்ணாச்சி, கட்டடத்துக்குப் போட்டத மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்களேன்."

"எனக்கென்ன தம்பி அவசரம்? சோத்துக்கில்லாமயா விக்கேன்? கேட்ட வெலைக்கு ஆளு வந்தா வரட்டும். இல்லன்னா பூட்டிக் கெடந்துட்டுப் போவுது."

பூட்டித்தான் கிடந்தது. வேப்பமர வேர் காம்பவுண்டுச் சுவரைப் பிளந்துவிட்டது, கேட்டுப் பூட்டு துருவேறிவிட்டது. பிறகு விசாரித்தால் முன்னே சொன்னதைவிடக் கூடத்தான் சொன்னார்கள்.

காரணம் லேசானது. மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறவன்தான் நட்டத்துக்கு விற்பான். இங்கே நிறையச் சொத்து ஓய்வூதியப் பணத்திலும், சென்னை, மும்பை, துபாய்ச் சம்பாத்தியத்திலும் மொத்தமாகக் கொடுத்து வாங்கியது. வட்டி ஓடவில்லை, அப்புறம் ஏன் இறங்கி வருவான்? சென்னையில் விற்காத அடுக்குமாடிகளைக் காட்டி யாராவது சண்டைக்கு வந்தால், நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பில்டர் கடன் வாங்கிக் கட்டுகிறவர், அவர் கணக்கு வேறு.

நீங்கள் பேசிக் குறைக்கக்கூடியது கட்டடத்தை. சென்ட் விலையைத் தனியாக, கட்டடத்தைத் தனியாகப் பேசுங்கள். பத்திரச் செலவை மறந்துவிடாதீர்கள்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2023-ல் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள், ஆனால் அதே கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் பார்த்தால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்கிறவர் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்.

கேட்காததையும் சொல்கிறேன். இன்னொரு வீடு விலை படிந்து, கைக்குக் காபியும் வந்துவிட்டது. அப்போதுதான் வீட்டம்மா ஆரம்பித்தார்: "ஒங்களுக்கு எந்த ஊரு?" சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னோம். மறுநாள் தரகர் போன் போட்டு, "அவுக இப்ப விக்கலயாம்" என்றார். கொஞ்ச நாளில் அதே வீட்டில் வேறு குடும்பம் பால் காய்ச்சியது. வீட்டு விலை பற்றிய கேள்வியில் சாதியை ஏன் இழுக்கிறாய் என்பவர்களுக்கு: இழுத்தது நான் இல்லை. முழுப் பணத்தோடு போய் நின்ற எங்களுக்கு அந்தத் தெருவில் விலையே கிடையாது என்றால், அதையும் சேர்த்துத்தானே சந்தை நிலவரம் சொல்ல வேண்டும்? எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. எங்களுக்கு நடந்தது இது.

கடைசியில் கே.டி.சி. நகர்ப் பக்கம் மனையாக வாங்கி, எங்கள் இஷ்டப்படி கட்டிக்கொண்டோம். பத்திரம் என் பேரில். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை பார்க்கிறீர்கள் என்றால் வீட்டில் அதையும் பேசிப் பாருங்கள்.