ஊருக்கு ஒரு யூத வார இதழ் எதற்கு? பெரிய நாளிதழ்கள் போதாதா?

போதாது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1942 முதல் வரும் ‘டெட்ராய்ட் ஜூயிஷ் நியூஸ்’ இதழையே பாருங்கள். வெள்ளி மாலை தொடங்கும் யூதரின் வார ஓய்வுநாளான சபாத்துக்கு விளக்கேற்றும் நேரத்தை இத்தகைய இதழ்கள் ஊர்வாரியாகப் போடும். பொதுவழக்கம், சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு. டெட்ராய்ட்டில் அது டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே வந்துவிடும்; ஜூனில் இரவு ஒன்பதை ஒட்டும். அதே ஜூனில் நியூயார்க் சுமார் 40 நிமிடம் முந்திவிடும். அந்த ஊர்க் கணக்கு இங்கே உதவாது.

சபாத்து தொடங்கியபின் நெறி வழுவாதவர்கள் ஃபோனைத் தொடமாட்டார்கள். அச்சுத்தாளைத் தாராளமாகப் படிக்கலாம். ஆகவே இதழ் வெள்ளி மாலைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். தபால் ஒருநாள் தாமதித்தால் விளக்கு நேரம் வீண்.

இரங்கல் பக்கம்தான் இதன் உயிர் என்பேன். யூத வழக்கில் அடக்கம் கூடியவரை உடனே நடக்கும், வார இதழால் அதை முன்கூட்டி அறிவிக்க முடியாது. ஏழு நாள் துக்கமும் சிலவேளை முடிந்திருக்கும். ஆனால் இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், அவர் போன ஜெபாலயம் எல்லாம் அச்சில் நிலைத்துவிடுகின்றன. பின்னாளில் வம்சாவளி தேடுவோர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான்.