எங்க எசமானர்களான நோயாளிகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நல்லா இருக்கீங்களா? போன மாசம் கம்பெனில கட்டாயம்னு சொல்லி ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் கிளாஸுக்கு அனுப்புனாங்க, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்துனது. சர்டிஃபிகேட்ல எட்டு முனை வச்ச ஒரு சிலுவை இருந்துச்சு. இது என்ன சார்னு கேட்டா, "அது அந்தக் காலத்து சிலுவைப்போர் வீரங்களோடது"ன்னு ஒரு வரில சொல்லிட்டு அவர் பேண்டேஜ் எடுக்கப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி யூடியூப்ல உக்காந்தா ஒரே டெம்ப்ளர், புதையல், ரகசிய சங்கம்னு ஓடுது. எனக்கு மண்டை காஞ்சுதுதான் மிச்சம். துறவின்னா கத்தி எதுக்கு? கத்தி தூக்குனவன் சின்னம் ஃபர்ஸ்ட் எய்ட் சர்டிஃபிகேட்ல எதுக்கு? அந்தப் புதையல் நிஜமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

புதையல்ல இருந்தே ஆரம்பிப்போம், அது சீக்கிரம் முடிஞ்சுடும். டெம்ப்ளர்கள்ங்கறது சிலுவைப்போர் சமயத்துல, அதாவது ஜெருசலேமுக்காக ஐரோப்பாக் கிறிஸ்தவங்க முஸ்லிம்களோட சண்டை போட்ட காலத்துல, கத்தி தூக்குன துறவிங்க. அவங்கள பிரான்ஸ் ராஜா நாலாம் பிலிப் 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியக்காலைல நாடு பூரா ஒரே வீச்சுல பிடிச்சு உள்ள போட்டான். 1312ல போப் ஐந்தாம் கிளமென்ட் அந்த அமைப்பையே கலைச்சார், ரெண்டு மாசம் கூட ஆகல, இன்னொரு உத்தரவு போட்டு ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் இருந்தது தவிர மிச்ச நிலம் நீச்சு எல்லாத்தையும் வேற ஒரு அமைப்புக்கு எழுதி வச்சுட்டார். அதுலயும் ராஜாக்கள் கை வச்சது போக மிச்சத்த வாங்கறதுக்குள்ள அவங்க வருஷக்கணக்குல அலைஞ்சாங்க. ஆக பெரும்பாலும் அது பட்டா மாறுதல் சமாச்சாரம். பட்டா மாறுதலுக்கு யூடியூப்ல வியூஸ் வராது, அதான் புதையல்.

அந்த வேற அமைப்புதான் உங்க சர்டிஃபிகேட்ல இருக்கற சிலுவைக்காரங்க. ஜெருசலேம் செயின்ட் ஜான் அமைப்பு, ஹாஸ்பிட்டலர்கள்னு சொல்லுவாங்க. எனக்கு டெம்ப்ளர்கள விட இவங்க மேலதான் ஆர்வம் ஜாஸ்தி, ஏன்னா டெம்ப்ளர்கள் ஆரம்பிச்சதே யாத்திரை போறவங்களுக்குக் காவலா, கத்தியோடதான், அவங்கள்ட்ட உங்க கேள்விக்கு பதில் ரொம்ப நேரடியா இருக்கும். கிளேர்வோ பெர்னார்ட்னு ஒரு பெரிய துறவி அவங்களுக்காகவே எழுதிக்கொடுத்தார், கெட்டவனக் கொல்றது மனுஷக்கொலை இல்ல, அது தீமைய கொல்றதுன்னு. முடிஞ்சுது. வார்த்தைய மாத்தி வச்சா பாவம் போயிடும்ங்கற அந்த சாமர்த்தியம் எனக்கு உள்ளூர எரிச்சல், எல்லா ஊர்லயும் எல்லா மதத்துலயும் இதுக்கு ஒரு பண்டிதர் கிடைச்சுடறார்.

ஹாஸ்பிட்டலர்கள் கதை அப்படி இல்ல. அது ஒரு ஆஸ்பத்திரில ஆரம்பிக்குது. முதல் சிலுவைப்போருக்கு முன்னாடியே, ஜெருசலேம் முஸ்லிம் ஆட்சில இருந்தப்பவே, இத்தாலில அமால்ஃபின்னு ஒரு ஊர் வியாபாரிங்க யாத்திரை வர்றவங்களுக்காக அங்க ஒரு சத்திரம் மாதிரி கட்டுனாங்க. அதப் பாத்துக்கிட்டவர் ஜெரார்ட். 1099ல சிலுவைப்படை ஊரப் பிடிச்சு ரத்த ஆறு ஓட விட்டதுக்கு அப்புறமும் அவர் பாட்டுக்கு அங்கயேதான் இருந்தார். 1113ல போப் இரண்டாம் பாஸ்கல் இத தனி அமைப்பா அங்கீகரிச்சார். ஜெரார்டுக்கு அடுத்து வந்த ரேமண்ட் டு பூய் விதிமுறை எழுதுனார், அதுல ஒரு இடம் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். சகோதரர்களுக்கு ரொட்டி, தண்ணி, துணி இதுக்கு மேல எதுவும் கேக்க உரிமை இல்ல, துணியும் எளிமையா இருக்கணும், ஏன்னா நம்ம எசமானர்களான ஏழைங்க கந்தலோட அலையறாங்க, வேலைக்காரன் மட்டும் மினுக்கிட்டுத் திரியறது அசிங்கம்னு வருது. நோயாளி உள்ள வந்தா அவன எசமான் மாதிரி நடத்தணும், சகோதரர்கள் சாப்பிட உக்காரறதுக்கு முன்னாடி அவனுக்கு சாப்பாடு போயிருக்கணும். பின்னாடி புதுசா சேர்றவங்க சொல்ற உறுதிமொழிலயே வந்துடுச்சு, எங்க எசமானர்களான நோயாளிகளுக்கு நான் அடிமைன்னு. இந்த அடிமைங்கற வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

1182ல ரோஜர் டி மூலான்ங்கற தலைவர் போட்ட சட்டம் இன்னும் நுணுக்கம். நாலு வைத்தியர் இருக்கணும், சிறுநீரப் பாத்து நோய் கண்டுபிடிக்கத் தெரிஞ்சிருக்கணும். கட்டில் புரண்டு படுக்கற அளவுக்கு நீளமும் அகலமும் இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் அதுக்குன்னு தனி போர்வை, தனி விரிப்பு. யாத்திரை வந்த இடத்துல குழந்தை பெத்துக்கற பொம்பளைங்களுக்காக சின்னச் சின்னத் தொட்டில் செய்யணும், அம்மா உடம்பு சரியில்லாம படுத்திருக்கறப்ப குழந்தை தனியா தூங்கணும்ல. அப்புறம் நோயாளி கக்கூஸ் போயிட்டு வர்றதுக்கு ஒரு ஆட்டுத்தோல் மேலங்கி, காலுக்கு பூட்ஸ், தலைக்குக் கம்பளிக் குல்லா. அம்மாவ ஒரு ஆஸ்பத்திரில சேத்திருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் கூட்டிட்டுப் போக செருப்பு தேடுனா காணோம், யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க, ஈரத்தரைல வெறுங்கால வச்சுட்டு அம்மா "சில்லுன்னு இருக்குடா"ன்னு சொன்னாங்க. எண்ணூத்தி சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் அந்த வெறுங்காலப் பத்தி யோசிச்சிருக்கான். நோயாளியா இருந்தவனோ, பக்கத்துல முழிச்சு உக்காந்திருந்தவனோதான் இத எழுதிருக்க முடியும்.

ஆயிரம் கட்டிலுக்கு மேலன்னு ஒரு யாத்ரீகர் எழுதிருக்கார், இன்னொருத்தர் ரெண்டாயிரம் நோயாளிங்கறார். யாத்ரீகன் கணக்கு, கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனா அந்தக் காலத்து ஒரு குறிப்புல முஸ்லிம், யூதர்னு பாக்காம சேத்துக்கிட்டாங்கன்னு இருக்கு, பன்னிக்கறி சாப்பிடாதவங்களுக்கு கோழி குடுத்திருக்காங்க. கட்டில் பத்தலன்னா சகோதரர்கள் தங்களோடத குடுத்துட்டு தரைல படுத்திருக்காங்க.

சரி, கத்தி எங்க வந்துச்சு? இதுதான் எனக்கு இந்தக் கதைலயே ரொம்ப சுவாரசியமான இடம், ஏன்னா அது எங்கயும் வரல. ரேமண்ட் எழுதுன விதில ஆயுதம்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா அவர் தலைவரா இருக்கறப்பவே, 1136ல ஜெருசலேமோட கிறிஸ்தவ ராஜா ஃபுல்க் ஒரு கோட்டைய இவங்க கைல குடுக்கறார், 1140கள்ல திரிப்போலி (இன்னிக்கு லெபனான்ல இருக்கறது) பிரபு பெரிய கிராக் கோட்டையவே குடுக்கறார், சிரியால இன்னிக்கும் மலை மேல நிக்குது பாருங்க அதான். கோட்டைய வாங்குனா காவல் வேணும், காவலுக்கு சம்பளத்துக்கு ஆள் வேணும், ஆளுக்குக் குதிரை வேணும், குதிரைக்குக் கொள்ளு வேணும், ஐரோப்பால இருந்து நோயாளிங்களுக்குன்னு வந்த தர்மப் பணம் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் போகுது. இன்னிலேர்ந்து நாம சண்டை போடப் போறோம்னு கூடிப் பேசி முடிவெடுத்த ஒரு நாள், ஒரு காகிதம் கிடையாது. முன்ன சொன்ன 1182 சட்டம் இருக்கே, அதுல தான தர்ம லிஸ்ட்ட எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, போற போக்குல ஆயுதம் ஏந்துன சகோதரர்களும் இருக்காங்கன்னு வருது. அவங்க சட்டத்துல இந்த விஷயம் தலை காட்டறதே அங்கதான். வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச, யாரும் வாய் விட்டுப் பேசாத விஷயம் மாதிரி.

இடைல ஒரு தலைவர், கில்பர்ட் டி அசாயி, 1168ல ராஜா அமல்ரிக் எகிப்து மேல படையெடுக்கறப்ப ஐநூறு நைட், அதாவது கவசம் போட்ட குதிரைவீரங்க, அதுக்கு மேல ஐநூறு துர்கோபோல்ங்கற உள்ளூர்க் குதிரைவீரங்கள தர்றேன்னு ஒத்துக்கிட்டு, படையெடுப்பு படுத்து, அமைப்பே கடன்ல முழுகி, மனுஷன் பதவிய விட்டுட்டு ஓடறார். அப்ப உள்ளுக்குள்ள சலசலப்பு. போப் மூணாம் அலெக்சாண்டர் கடிதம் எழுதறார், உங்க பழைய வழக்கம் ஏழைங்கள கவனிக்கறது, அத விடாதீங்க, ராஜ்ஜியத்தக் காப்பாத்தவோ எதிரி நகரத்த முற்றுகை போடவோ உண்மைச் சிலுவைய (ஏசுவ அறைஞ்சதுன்னு அவங்க நம்புன சிலுவையோட துண்டு) முன்னாடி தூக்கிட்டுப் போற நேரம் தவிர ஆயுதத்தத் தொடாதீங்கன்னு. ஒரு போப்பே பிரேக் போட்டுப் பாத்திருக்கார். வண்டி நிக்கல.

1187 ஹத்தின் போர்ல எகிப்து, சிரியா சுல்தான் சலாவுதீன் ஜெயிச்சதும், கைதியான டெம்ப்ளர் ஹாஸ்பிட்டலர் யாரு கைல இருந்தாலும் தலைக்கு ஐம்பது தினார் குடுத்து வாங்கி, டெம்ப்ளர் தலைவர் தவிர அத்தனை பேரையும் வெட்டச் சொன்னார். மத்த கைதிங்கள பெரும்பாலும் அப்படிப் பண்ணல. அவ்வளவு பயம் அவங்க மேல. மூணு மாசம் கழிச்சு ஜெருசலேம் விழுந்தப்ப அதே சலாவுதீன்தான் பத்து ஹாஸ்பிட்டலர்கள மட்டும் ஒரு வருஷம் இருந்து நோயாளிங்கள பாத்துக்க விட்டார்னு சொல்றாங்க. உங்க கேள்விக்கு அந்த ஆள விட நல்லா யாரும் பதில் சொல்ல முடியாதுன்னு நெனைக்கறேன், ரெண்டு முகத்தையும் அவர் பாத்திருக்கார், ரெண்டுக்கும் தனித்தனியா பதில் வச்சிருந்தார்.

மிச்சம் வேகமா. 1291ல அந்தப் பக்கம் சிலுவைப்படை கைல கடைசியா மிஞ்சுன பெரிய நகரம் ஆக்ரேயும் போச்சு, ரோட்ஸ் தீவப் பிடிச்சு இருநூறு வருஷம் இருந்தாங்க, 1522ல துருக்கி சுல்தான் சுலைமான் முற்றுகை, 1523 ஜனவரி முதல் தேதி கப்பலேறுனாங்க. 1530ல பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மத்தியதரைக் கடல்ல இருக்கற மால்டா தீவ குடுத்தார், வாடகை வருஷத்துக்கு ஒரு வல்லூறு. அங்க வல்லெட்டால கட்டுன ஆஸ்பத்திரி வார்டு நூத்தம்பது மீட்டருக்கு மேல நீளம், நோயாளிக்கு சாப்பாடு வெள்ளித்தட்டுல. கௌரவம் ஒண்ணு, கழுவ ஈஸி இன்னொண்ணு. நைட்டுங்க முறை போட்டு வந்து பரிமாறணும்.

அதே ஊர் துறைமுகத்துல அவங்களோட கேலி (galley) கப்பல் நிக்கும், ஆளுங்க துடுப்பு போட்டு ஓட்டற போர்க்கப்பல், துடுப்பு போடறவன் சங்கிலில இருப்பான், பெரும்பாலும் கடல்ல பிடிச்ச முஸ்லிம். அடிமைச் சந்தை, அடிமைச் சிறை எல்லாம் உண்டு. 1798ல நெப்போலியன் வந்து தீவப் பிடிச்சப்ப ரெண்டாயிரம் பேர் அளவுக்கு விடுதலை ஆனாங்க (அவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல, வெள்ளித்தட்ட உருக்கி எடுத்துட்டுப் போனான்). நோயாளிக்கு நான் அடிமைன்னு சத்தியம் பண்ணித்தான் அப்பவும் உள்ள வந்தாங்க, பண்ணவனுக்கு அது பொய்யா தோணிருக்காது, காலைல வார்டுல கஞ்சி ஊட்டிட்டு மத்தியானம் கப்பலுக்கு ஆள் எண்ணப் போயிருப்பான். ஒரு நல்ல அமைப்பு பின்னாடி கெட்டுப்போச்சுன்னு சொன்னா கதை சுளுவா இருக்கும், எனக்கு அப்படித் தெரியல, ரெண்டும் ஒரே பெட்டில இருந்து வந்த காசுலதான் ஓடுச்சு, ரெண்டும் கூடவே வயசாச்சு. 1780கள்ல ஜான் ஹோவர்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர் அந்த ஆஸ்பத்திரியப் பாத்துட்டு, அழுக்கு, நாத்தம், லாயத்துல குதிரைக்கு இருக்கற கவனிப்பு கூட இங்க நோயாளிக்கு இல்லன்னு நொந்து எழுதிட்டார்.

நம்ம பக்கத்துக்கும் ஒரு நூல் இருக்கு. பாண்டில அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கற சஃப்ரன் தெரு தெரியும்ல? அந்த சஃப்ரன், 1782, 83ல சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர்னு நம்ம கடல்ல பிரிட்டிஷ் கப்பற்படைய போட்டுத் தாக்குன பிரெஞ்சு அட்மிரல், மால்டா அமைப்போட நைட். சின்ன வயசுல அந்த கேலி கப்பல்கள்ல போய்த் தேறுனவர்.

உங்க சர்டிஃபிகேட்டுக்கு வர்றேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நேர் வாரிசு இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கிலாந்துல சில பேர் அந்தப் பேரையும் சிலுவையையும் எடுத்துத் திரும்ப ஆரம்பிச்சது, 1877ல ஃபர்ஸ்ட் எய்ட் சொல்லிக்கொடுக்க சங்கம் வச்சாங்க, 1888ல விக்டோரியா ராணி சாசனம் குடுத்தாங்க. கத்தோலிக்க வழில வந்த பழைய அமைப்பு ரோம்ல இருக்கு, நாடு கிடையாது, ஆனா பாஸ்போர்ட் அடிக்கறாங்க, ஐ.நா.ல பார்வையாளர் இடம் உண்டு. ஜெருசலேம்ல இருந்து கொஞ்ச தூரத்துல பெத்லஹேம்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியும் நடத்தறாங்க.

கிளாஸ்ல அந்த முக்கோண பேண்டேஜ் ஒழுங்கா கட்டக் கத்துக்கிட்டீங்களா? நான் ஒரு தடவ போயிருக்கேன், என் கட்டுல தொங்குன கை ரெண்டு நிமிஷத்துல கீழ வந்துடுச்சு.