விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும்போது மோதிக்கொள்ளாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

“வானத்தில் இரண்டு விமானங்கள் நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இருக்கிறதே, அப்படியிருந்தும் தரையில் ஏன் அவ்வப்போது உரசிக்கொள்கின்றன?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விமான நிலையத்தின் ரேம்ப்பில், அதாவது விமானங்கள் நிறுத்தும் பகுதியில், வேலை செய்கிறேன். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுக்கும்போது இறக்கை நுனியை ஒட்டி நடந்து காவல் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் கருவி டிகாஸ். ஒன்றை ஏறச் சொல்லும், மற்றொன்றை இறங்கச் சொல்லும். சுமார் 1000 அடிக்குக் கீழே வந்ததும் அந்தக் கட்டளைகளை அது நிறுத்திக்கொள்ளும். தரையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே கோடு, விளக்கு, வானொலிப் பேச்சு, ரேடார், கடைசியாக மனிதக் கண் ஆகியவற்றை நம்பித்தான் ஆக வேண்டும்.

நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானம் ஊர்ந்து செல்லும் பாதைதான் டாக்சிவே. அதன் நடுவில் மஞ்சள் கோடு ஓடும். இரவில் நடுவே பச்சை விளக்கு, ஓரங்களில் நீல விளக்கு. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே இரண்டு முழுக் கோடுகளும் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடுகளும் இருக்கும். முழுக் கோட்டுப் பக்கத்திலிருந்து வருபவர் டவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின், அனுமதி இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு முன் நிற்கச் சொன்னால், விமானி அதை வானொலியில் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி போன்ற நிலையங்களில் அந்தந்த விமானத்துக்கு முன்னால் உள்ள பச்சை விளக்குகள் மட்டும் எரியும். அவற்றைப் பின்பற்றிப் போனால் போதும்.

இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகப் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் மிலான் லினாத்தே சாட்சி. 2001 அக்டோபர் 8, காலை, அடர்ந்த மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா ஜெட்டை ஆர்5 என்ற பாதையில் போகச் சொன்னார்கள். அது ஆர்6 வழியாகப் போய், எம்.டி.87 பயணிகள் விமானம் ஒன்று புறப்பட ஓடிவந்துகொண்டிருந்த ஓடுபாதைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 118 பேர் இறந்தார்கள். பழைய தரை ரேடார் பயன்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது, புதியது இயக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அடையாளங்களும் விளக்குகளும் தரத்தில் இல்லை. செஸ்னா விமானி தான் கடக்கும் தரைக் குறியீட்டின் பெயரைச் சரியாகத்தான் சொன்னார். அந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியவில்லை. வழி தவறிய விமானியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர்வது எனக்கு நியாயமாகவே படவில்லை.

லினாத்தே போன்றவை ஓடுபாதை விபத்துகள். அவற்றைத் தடுக்கத்தான் பணமும் தொழில்நுட்பமும் கொட்டப்படுகின்றன, அது சரியும்கூட. உங்கள் கேள்வியில் இருக்கும் உரசல் வேறு வகை. ஒரு விமானம் நின்றுகொண்டிருக்கும். இன்னொன்று அதன் பின்னாலோ பக்கவாட்டிலோ கடந்து போகும். கடந்து போவதன் இறக்கை நுனி, நிற்பதன் வாலிலோ இறக்கையிலோ பட்டுவிடும். 2011 ஏப்ரலில் நியூயார்க்கின் கென்னடி நிலையத்தில் ஏர் பிரான்ஸின் ஏ380 என்ற மிகப் பெரிய விமானம், காத்து நின்ற சி.ஆர்.ஜே. என்ற சிறிய பயணிகள் ஜெட்டின் வாலில் பட்டு அதை அப்படியே சுழற்றிவிட்டது. 2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் டெல்டாவின் ஏ350, கோட்டுக்கு முன் காத்திருந்த இன்னொரு சி.ஆர்.ஜே.யின் வாலைப் பெயர்த்துச் சாய்த்தது. 2024 மார்ச்சில் கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையை இண்டிகோ விமானம் உரசியது. மூன்றிலும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இறக்கைக்குள் இருப்பது எரிபொருள் என்பதை ரேம்ப்பில் நிற்கும் யாரும் மறப்பதில்லை.

மஞ்சள் கோட்டை விட்டு விலகாமல் போனாலும் இது ஏன் நடக்கிறது? இறக்கையின் அகலத்தை வைத்துத்தான் பாதைகளின் இடைவெளியைக் கணக்கிடுகிறார்கள். 36 மீட்டருக்குக் குறைந்தவை ஒரு வகுப்பு. ஏ320 சுமார் 35.8 மீட்டர் என்பதால் அதில் ஒட்டி அடங்குகிறது. ஏ380 ஏறக்குறைய 80 மீட்டர். விமானங்கள் நிறுத்துமிடத்தில் சிறியவற்றுக்கு 4.5 மீட்டரும் பெரியவற்றுக்கு 7.5 மீட்டரும் இடைவெளி இருந்தாலே விதிப்படி போதும். ஆனால் நிற்கும் விமானம் தான் நிற்க வேண்டிய கோடுவரை முன்னேறாமல் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட்டால், அதன் வால் பின்னால் உள்ள பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையில் வருபவர் தன் கோட்டில் அட்சரம் பிசகாமல் வந்தாலும் பயனில்லை.

அவருக்குத் தன் இறக்கை நுனியும் தெரியாது. போயிங் 747, 777, ஏ380 போன்றவற்றில் காக்பிட்டில் உட்கார்ந்தபடி நுனியைப் பார்க்க முடியாது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டும். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது வெளிப்பக்க நுனி எதிர்பார்ப்பதைவிட அகலமாக வீசும். டவரில் இருப்பவருக்கோ தூரத்திலிருந்து சில மீட்டர் இடைவெளியை எடைபோட வழியே இல்லை. தரை ரேடாரும் விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும், நுனிக்கும் வாலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று காட்டாது.

நுனிக்கு நேர்கீழே நிற்கும் எனக்கே அது எளிதில்லை. அண்ணாந்து பார்த்தால் இரண்டு இறக்கைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், இடைவெளி கண்ணை ஏமாற்றும். அதனால் மேலே பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, தரையில் வரைந்திருக்கும் எல்லைக் கோட்டை நுனி தாண்டுகிறதா என்றுதான் பார்ப்போம். எஞ்சின் இரைச்சலில் குரல் எடுபடாது. ஒளிரும் கோல்கள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் விமானத்தைத் தள்ளும் வண்டியை ஓட்டுபவர் உடனே நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்தம், விளக்கமெல்லாம் பிறகு. ஆனால் என் காவல் புஷ்பேக்கோடு, அதாவது விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி எடுப்பதோடு, முடிந்துவிடுகிறது. டாக்சிவேயில் இறக்கை நுனிக்குக் காவல் நடக்க யாரும் கிடையாது.

பெரிய விமானங்களில் நுனியைக் காட்டும் கேமரா போன்ற உதவிகள் வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. அட்லாண்டா நடந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. புதிதாகச் செய்யும் பெரிய விமானங்களிலாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதுவரை செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது: கோடுவரை போய் நிற்க முடியாத விமானி, “என் வால் பின்பாதையில் இருக்கக்கூடும்” என்று டவரிடம் சொல்லிவிடலாம். பின்னால் வருபவரை நிறுத்தவோ வேறு பாதையில் திருப்பிவிடவோ டவருக்கு அந்த ஒரு வரி போதும்.